சித்திரங்குடி கண்மாய்க்கரை உறவுகளுக்கு நன்றி

சித்திரங்குடி சொந்தங்களுக்கு வணக்கம்.

பறவைகளைப் படம் எடுக்கக் கார்த்திகையில் வந்து நின்றவன், மாசி கடைசி வரை ஞாயிறு தவறாமல் உங்கள் கரையில்தான் கிடந்தேன். இப்போது நாரைக் குஞ்சுகள் சிறகு முற்றிக் கிளம்பிவிட்டன. உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி சரணாலயக் காவலர் அண்ணனுக்கு. வந்த முதல் வாரமே தப்புச் செய்தேன். கூட்டைக் கிட்டத்தில் எடுக்கும் ஆசையில் கரையை விட்டுக் கண்மாய்க்குள் இறங்கினேன். கருவேலமரத்தில் அடைகாத்திருந்த மஞ்சள் மூக்கு நாரைகள் மொத்தமாக எழுந்துவிட்டன. அவை திரும்புவதற்குள் காக்கை ஒன்று கூட்டில் இறங்கி முட்டையைக் கொத்தியது. கேமரா வழியாகவே அதைப் பார்த்தேன். இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது. அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீங்க உக்காந்தாத்தான் தம்பி அதுவும் உக்காரும்" என்று கரைமேல் ஒரு மர நிழலைக் காட்டினார். அதன்பிறகு அந்த இடத்தை விட்டு நான் நகரவில்லை.

ராமநாதபுரத்தில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன், "மார்கழியில முகூர்த்தம் இல்ல, நீயே வச்சுக்க" என்று தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் தன் 70-200 மி.மீ. லென்ஸைத் தந்தார். நாரையின் வெள்ளை உடம்பு வெளுத்துப்போய் இறகே தெரியாமல் வந்த படங்களைப் பார்த்ததும், "வெயில்ல பட்டுவேட்டி எடுக்கிற மாதிரிதான், எக்ஸ்போஷரைக் குறை" என்றார். ஷட்டர் வேகத்தை 1/2000 நொடிக்கு ஏற்றச் சொன்னதும் அவர்தான். அதுவரை புகைபோல விழுந்த இறக்கை நுனி அதன்பின் தனித்தனி இறகாக விழுந்தது. அந்த லென்ஸின் உச்சமான 200 மி.மீ.-லும் பறவை சின்னதாகத்தான் தெரியும். அதனால் முழு மரத்தையும் எடுக்கப் பழகினேன். உச்சியில் நாரை, கீழ்க்கிளையில் நீர்க்காகம், அடியில் தண்ணீர்: கண்மாய் அப்படித்தானே இருக்கிறது!

ஆடு மேய்க்கும் அப்பத்தாவுக்கு என்ன சொல்ல? வெயில் ஏறியதும் நான் மூட்டை கட்டுவதைப் பார்த்து, "இனிமேத்தானப்பா தாய் குடை பிடிக்கும், இரு" என்றார். இருந்தேன். மார்கழிக் கடைசி, உச்சிவேளை. தாய்நாரை சூரியனுக்கு முதுகு காட்டி இறக்கையை விரித்து நின்றது. ரோஜா நிற இறகுகளின் ஊடே வெளிச்சம் கசிய, அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். சற்று நேரத்தில் இன்னொரு நாரை வந்து, அலகிலிருந்து அவற்றின் மேல் தண்ணீரை வழியவிட்டது. கை நடுங்கியது. நாற்பது படத்தில் ஒன்றுதான் தேறியது. அது போதும்.

விடியுமுன் எனக்காகவே அடுப்பு மூட்டிய டீக்கடை அக்காவுக்கும் நன்றி.

1989-ல் சரணாலயமான கண்மாய், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. இனி கேமராவோடு வருகிறவர்கள் கூடுவார்கள். அவர்களையும் கரையை விட்டு இறங்க விடாதீர்கள்.

அப்பத்தா, அந்தக் குடைப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு டீக்கடை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.