ப்ளூஸ் டான்ஸ் யார் வீட்டுச் சொத்து?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஞாயிறு இணைப்புல ப்ளூஸ் டான்ஸ் (அமெரிக்க கறுப்பின மக்களோட ப்ளூஸ் இசைக்கு ஆடுற ஆட்டம்) பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா என்னமோ 1990கள்ல லிண்டி ஹாப்னு ஜாஸ் இசைக்கு ஜோடியா ஆடுறவங்க ராத்திரி பார்ட்டியில புதுசா கண்டுபிடிச்ச மாதிரில்ல எழுதியிருக்கீங்க. அவங்க திரும்ப எடுத்து ஆடினாங்க, அவ்ளோதான். ஸ்லோ டிராக்னு ஜோடியா மெதுவா ஆடுற ப்ளூஸ் ஆட்டமெல்லாம் அமெரிக்காவுல மிசிசிப்பி பக்கத்து ஜூக் ஜாயின்ட்ல (குடியும் பாட்டும் ஆட்டமுமா இருந்த சின்ன கடைங்க), வாரம் பூரா பருத்திக்காட்டுல முதுகொடிய வேலை பாத்த கறுப்பின மக்கள் சனிக்கிழமை ராத்திரி ஆடினது. அவங்க பொழப்பு தேடி சிகாகோ, நியூயார்க்னு போனப்ப ஆட்டமும் கூடவே போச்சு. 1920கள்ல நியூயார்க்ல கறுப்பின மக்கள் நிறைய இருந்த ஹார்லெம்ல வாடகைக்கு காசு பத்தலன்னா வீட்டுலயே பியானோக்காரர கூப்பிட்டு பார்ட்டி வெப்பாங்க, வர்றவங்க தர்ற நுழைவுக் காசுல வாடகைய கட்டுவாங்க, அந்த நெரிசல்ல நின்ன இடத்துலயே மெதுவா ஆடுவாங்க (சும்மா ரொமான்ஸ் மட்டும் இல்ல சார் இது).

இப்ப அமெரிக்கா, ஐரோப்பா வொர்க்‌ஷாப்கள்ல ஆடுறது பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான், கறுப்பின டான்ஸர்களே இத கேள்வி கேட்டுக்கிட்டு இருக்காங்க, அதப் பத்தி உங்க கட்டுரையில ஒரு வரி கூட காணோம். அடுத்த வாரமாவது அவங்க தரப்பையும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி