தலையணைப் பக்கத்தில் ஒரு பாக்கெட்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். காகிதம் என்றால் குறுக்கே பேச முடியாது அல்லவா?

பெரியப்பா பையனிடம் மாவடுவும் எள்ளுப்பொடியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அடியில் குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டுகள் இருக்கும். தலையணைப் பக்கம் ஒன்று, கைப்பையில் ஒன்று, அலுவலக மேசையில் ஒன்று. அலமாரியில் அடுக்கி அழகு பார்க்க அனுப்பவில்லை.

போன வாரம் எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் துணி எடுக்கப் போன இடத்தில் வினோதினியின் அம்மாவைப் பார்த்தேன். நின்று பேசிக்கொண்டிருந்தோம். அது இருக்கட்டும்.

இன்சுலின் ஊசி போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதில்லையே? வேலை முடிந்து பேட்மிண்டன் ஆடுவதாகச் சொன்னாய். ஆடு, சந்தோஷம்தான். ஆனால் ஓடியாடிய உடம்பில் சர்க்கரை அப்போதே இறங்கி முடிந்துவிடாது, பல மணி நேரம் கழித்து நடுராத்திரியிலும் இறங்கும் என்று டாக்டர் உன்னையும் வைத்துக்கொண்டுதானே சொன்னார்? ஆடிய நாளில் படுக்கும் முன் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் படு. 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி. 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார். ஏறவில்லையென்றால் மறுபடி குடி. சாக்லேட்டைத் தின்றுவிட்டுச் சமாளித்தேன் என்று சொல்லாதே. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதில் ஊசியை என் கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்கொண்டவள் நீ. குழுத் தலைவியாக்கியிருக்கிறார்கள் என்ற செய்தியை அப்பா தெருமுனை டீக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். அத்தனை பேரைக் கட்டி மேய்க்கிறவளுக்கு ராத்திரி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க நேரமில்லையாம்.

உனக்குச் சர்க்கரை இறங்குவது உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மேலுதட்டில் பொடிப்பொடியாக வியர்க்கும். தட்டில் இருக்கும் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைப்பாய், வாயில் போட மாட்டாய். கேட்டால் கோபம் வரும். இந்தக் கோபமே சர்க்கரை இறங்கியதால்தான் என்று சொன்னால் இரண்டு மடங்கு கோபம் வரும். சில நாள் அது நிஜக் கோபமாகவும் இருந்திருக்கலாம், யார் கண்டது.

அடிக்கடி இறங்கினால் இந்த வியர்வையும் படபடப்பும்கூட வராமல் போய்விடும். உடம்பு எச்சரிப்பதைக் குறைத்துக்கொள்ளும். முழித்திருக்கும்போதே அப்படியென்றால், தூக்கத்தில்? அங்கே உன் மேலுதட்டைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

1948இலேயே டாக்டர் எம். விசுவநாதன் நம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவு ஆரம்பித்தார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே தொடங்கினார். எங்கெங்கிருந்தோ இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். நீ என்னடாவென்றால் இங்கே பிறந்துவிட்டு பெங்களூரில் போய் உட்கார்ந்திருக்கிறாய். வேலையை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை.

பக்கத்தில் இருக்கிற ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி வை. நீ நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். பதறிப்போய் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடு. ராத்திரி சாப்பிட்டாயா? பார்த்துவிட்டுத்தானே படுக்கிறாய்?

வினோதினி எப்போது அறையைக் காலி செய்தாள் என்று நான் கேட்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மாவின் போன் நம்பரை மட்டும் அனுப்பு. ஒரு சாவியும் அவரிடம் கொடுத்து வை. அவருக்குத் தமிழ் வருமா என்று எழுது. வராவிட்டாலும் பரவாயில்லை, இரண்டாவது வீட்டு லட்சுமி அக்காவுக்குக் கன்னடம் தெரியும், அவரைப் பேச வைக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா