கயிறு கட்டுவதற்கு முன்

அன்புள்ள குமரேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கடைசியில் எழுதியிருந்த நாலு வரிதான் மனதைவிட்டு அகலவில்லை. வெள்ளிக்கிழமை உன் மச்சானுக்குக் கோயிலில் கயிறு கட்டி, அன்றோடு குடியை நிறுத்தப்போகிறீர்கள் என்கிறாய். அந்த வைராக்கியம் வேண்டியதுதான். அதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

தினம் இரண்டு குவார்ட்டர், பத்து வருஷம். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். அப்படியானால் நாளுக்கு 120 கிராம். சாராயம் மூளையை மந்தமாக்க, அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டியே பழகிவிடுகிறது. சாராயம் திடீரென நின்றால் அந்த வேகத்தை அடக்க ஒன்றும் இருக்காது.

கடைசியாகக் குடித்த 6, 8 மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சிலர் ஆள் அடையாளம் தெரியாமல், சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ வெட்ட வருவதாகவும் அலறுவார்கள். காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப்போய் உயிரை விட்டவர்கள் உண்டு. காலுடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குடி திடீரென நின்றுபோனவருக்கும் மூன்றாம் நாள் இதே நிலை வரலாம். குடிப்பதை வீட்டார் மறைத்திருப்பார்கள், டாக்டருக்குத் தெரிந்திருக்காது.

மூளையின் அந்த வேகத்தை அடக்க டாக்டர் குளோர்டையசெப்பாக்சைடு அல்லது டயசெபாம் மாத்திரை கொடுப்பார். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசெபாம். முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்திவிடுவார்கள். நீயாக வாங்கிக் கொடுத்துவிடாதே. அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடும்.

கூடவே தையமின், அதாவது பி1 ஊசி. சோறு தின்னாமல் குடிக்கிற உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனை கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-உம் தீர்ந்து மூளை அடிபடும்: நடை தள்ளாடும், கண் ஒரு நிலையில் நிற்காது, ஞாபகம் திரும்பாமலே போகலாம். அதனால் பி1 போட்ட பிறகே குளுக்கோஸ் என்று கேட்டுக்கொள்.

மச்சானுக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கலாம் என்று தங்கச்சி சொன்ன மாத்திரை டைசல்ஃபிரமாகத்தான் இருக்கும். தயவுசெய்து வேண்டாம். ஆல்கஹால் உடம்பில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகிறது. அதற்குமேல் கரையவிடாமல் இந்த மருந்து தடுக்கும். இதோடு குடித்தால் அந்த நச்சு தேங்கி, முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்து. குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்தபின் டாக்டர் தருகிற மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை வேலை செய்யும்.

வியாழன் காலையிலேயே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போ. எவ்வளவு குடிக்கிறார், எத்தனை வருஷமாக, நிறுத்தியபோது எப்போதாவது வலிப்பு வந்ததா என்று தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள். போதை மீட்பு உதவி எண் 14446-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அதுவரை அவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லாதே. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, உடனே 108.

கயிற்றை அடுத்த வெள்ளிக்கிழமை கட்டிக்கொள்ளலாம். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றிரவே போன் செய்.

அன்புடன்,
செல்வம்