கும்மி மெட்டை எழுத்தில் அனுப்பியிருக்கிறேன்

அம்மிணிக்கு,

மாரியாத்தா நோம்பிக்கு நாம் பாடும் கும்மி மெட்டை எழுதி அனுப்பச் சொன்னாயல்லவா? என் சுர நோட்டைப் படமெடுத்து அனுப்பினால் உனக்குப் புரியும், உன்னோடு வாசிக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரியாது. அதனால் ஏபிசி முறையில் தட்டி மின்னஞ்சலில் போட்டிருக்கிறேன். கிறிஸ் வால்ஷா என்பவர் நாட்டுப்புற மெட்டுகளைக் குறித்துவைக்க உண்டாக்கி, 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட முறை. வெறும் எழுத்துதான், வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். அதற்கான செயலியில் ஒட்டினால் ஐந்து கோட்டில் அச்சாகவும் வரும், வாசித்தும் காட்டும்.

மேலே சில தலைப்பு வரிகள் இருக்கும். ஓர் எழுத்து, அப்புறம் முக்காற்புள்ளி. எக்ஸ் என்றால் பாட்டின் எண், டைட்டிலின் முதல் எழுத்தான டி பெயர், எம் தாளம், எல் ஒரு சுரத்தின் அளவு. கடைசியில்தான் ராகத்தைச் சொல்லும் கே வர வேண்டும், அதற்கு அடுத்த வரியில் மெட்டு தொடங்கும். கும்மி மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடை என்பதால் எம்மில் 6/8, எல்லில் 1/8 போட்டிருக்கிறேன். கே வரியில் சி என்று மட்டும் இருந்தால் சங்கராபரணம். சி டோரியன் கரகரப்பிரியா, சி மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. இது தெரிந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம், பாதிப் பாடம் ஏற்கனவே படித்ததுதானே!

பெரிய எழுத்து சி நம் ச. அங்கிருந்து டி, இ, எஃப், ஜி, ஏ, பி என்று நி வரை போகும். மேல் ச சின்ன எழுத்து சி. நாம் தலையில் வைக்கும் புள்ளி இங்கே கிடையாது. சுரத்துக்குப் பின்னால் 2 போட்டால் இரட்டிப்பு நீளம், /2 போட்டால் பாதி. சின்ன எழுத்து இசட் மௌனம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு, கண்ணு. நாம் சுரத்தை நீட்டக் காற்புள்ளி போடுவோம். ஏபிசியில் காற்புள்ளி சுரத்தைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கிவிடும். பழக்கதோஷத்தில் போட்டால் பாட்டு திடீரென்று கிணற்றுக்குள் விழுந்த மாதிரி கேட்கும்.

முதலில் சரளி வரிசையைத் தட்டிப் பார். அதன் ராகமான மாயாமாளவகௌளைக்கு டி, ஏ இரண்டின் முன்னாலும் அடிக்கோடு (_) வேண்டும், அரைச் சுரம் இறங்கும். ஏற்ற வேண்டுமானால் கூர்க்குறி (^). இந்தக் குறிகள் அடுத்த | கோடு வரைக்கும்தான் செல்லும், அதைத் தாண்டினால் மறுபடி போட வேண்டும்.

நான் ஐந்து கட்டை சுருதியில் பாடுவது உனக்குத் தெரியும். ஆனாலும் ச-வை சி-யிலேயே எழுதியிருக்கிறேன், உன் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் வைத்துக்கொள்.

கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுத்துப் பாடுவது, இதில் ஏறாது. அமுச்சிப் பாட்டி மூன்றாம் அடியில் க-வை ஒரு இழுப்பு இழுத்து ம-வில் உரசிவிட்டு வருவாரே, அதை நாலு குட்டிச் சுரங்களாக எழுதிப் பார்த்தேன். மிஷின் படியேறுவது போல வாசித்தது. அழித்துவிட்டு ஒரே ஒரு இ போட்டேன். எலும்பு மட்டும் எழுத்தில் இருக்கட்டும். அந்த இடத்துக்குப் போனில் பாடி அனுப்புகிறேன், காதால் பிடித்துக்கொள்.

பாட்டு வரிகளும் உள்ளே இருக்கின்றன. சின்ன எழுத்து டபிள்யூ போட்ட வரியில் மா-ரி-யாத்-தா என்று அசை பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் சுரத்துக்கு அடியில் போய் உட்காரும். தமிழ் எழுத்தையே ஏற்றுக்கொள்கிறது.

லில்லிபாண்ட் என்று 1996-இல் வந்த இன்னொன்றும் உண்டு. அச்சு அத்தனை அழகு, ஆனால் எழுத வேண்டியது அதிகம். புத்தகம் போடும்போது பார்க்கலாம், இப்போது வேண்டாம்.

கடைசி அடியை நான் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து நீ பாடியதுதானே, நீயே எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. ஒட்டிக் கேட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மா
கோபிசெட்டிபாளையம்