ஸாபா நினைவில்லம்: சீரமைப்புப் பணி நிறைவு அறிக்கை

மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலாபிலா வட்டாரத்தில் நம் பொறுப்பில் விடப்பட்ட பழைய மரவீடு, மலாய் இலக்கண அறிஞர் ஸாபாவின் நினைவில்லமாக நிமிர்ந்து நிற்கிறது. எடுத்த வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன.

இது ஸாபா பிறந்த வீடு அல்ல. ஜைனல் ஆபிதீன் அகமது என்பது அவர் இயற்பெயர். 1895 செப்டம்பர் 16 அன்று இதே நெகிரி செம்பிலானில், புக்கிட் கெர்டாஸ் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்தார். அவர் காலத்துக் கம்பத்து வீட்டைப் பிள்ளைகள் படியேறிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்த வீட்டைக் காப்பாற்றினோம்.

தமிழ் மன்றத்துக்கு இந்த வேலை எதற்கு என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மில் மூத்தவர்கள் பள்ளியில் எழுதிப் பழகிய ரூமி, அதாவது மலாய் மொழியை எழுதும் ரோமன் எழுத்து, ஸாபா வகுத்த முறையைச் சேர்ந்தது. 1972இல் புதிய எழுத்துமுறை வரும்வரை 'ச' ஒலிக்கு சி, எச் என்று இரண்டு எழுத்து போட்டோமே, அதுதான். தமிழ்ப்பள்ளிகளில் மலாய் சொல்லிக்கொடுத்த நம் ஆசிரியர்கள் பலரின் மேசையில் அவருடைய 'பெலித்தா பஹாசா மெலாயு' இருந்தது. அந்த இலக்கண நூலின் முதல் பாகம் 1940இல் வந்தது. அந்த மொழியில் சம்பாதித்துக் குடும்பம் நடத்திய நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். குழுவின் எண்ணம் இதுவே.

வேலையில் பெரும்பகுதியை விழுங்கியவை தூண்கள். கரையான் அரித்தது அடிப்பகுதியை மட்டுமே. மேலே செங்கால் என்னும் கடின மரம் இரும்பாக இருந்தது. முழுத் தூணையும் மாற்றினால் விரைவில் முடியும் என்றார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. கெட்ட பகுதியை மட்டும் அறுத்து, புது மரத்தைப் பழையதோடு பொருத்தி, மர ஆப்பு அடித்து இறுக்கினோம். தலைமைத் தச்சர் பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெரியவர். ஆணி இல்லாமல் இணைக்கும் அந்தக் கைவேலையை அவர் நம் இளைஞர்கள் சிலருக்கும் சொல்லிக்கொடுத்தார். ஈரம் ஏறாதபடி ஒவ்வொரு தூணும் மறுபடி கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது.

கூரை பற்றி நீண்ட விவாதம் நடந்தது. அத்தாப்பு என்னும் ஓலைக்கூரை போட்டால்தான் அழகு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; உள்ளே பழைய நூல்கள் இருக்கின்றன. தகரத்தையே வைத்துக்கொண்டு, இரு முனையும் மேலெழும், சுமத்ராவின் மினாங்கபாவ் மக்கள் பாணி வளைவு கெடாமல் முகட்டைச் சரிசெய்தோம். தகரத்தால் வந்த வெக்கை, சுவரின் மேல்பகுதியில் இருந்த செதுக்கு மரச் சன்னல்களைத் திறந்துவிட்டதும் வெகுவாகக் குறைந்தது. யாரோ ஒரு காலத்தில் அவற்றைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள்.

நெகிரி செம்பிலானின் அடாட் பெர்ப்பாத்தே வழக்கப்படி வீடு பெண்மக்களுக்கே சேரும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் வீட்டுக்கு உரிய குடும்பத்துப் பெண்களிடம் ஒப்புதல் பெற்ற பிறகே கை வைத்தோம். அடுப்படியை அப்படியே விட வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அப்படியே இருக்கிறது.

உள்ளறையில் அவர் வாழ்க்கை மலாயிலும் தமிழிலும் பலகைகளாக வைக்கப்பட்டுள்ளது: தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் மொழிபெயர்ப்புப் பணி, போருக்குப் பின் லண்டனில் ஆசிரியப் பணி, சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மலாய்த் துறை, 1956 மொழி மாநாடு அளித்த பெண்டேத்தா (பேரறிஞர்) பட்டம், 1973இல் மறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கொடுத்த பழைய பதிப்புகள் ஒரே அலமாரியில் அடங்கிவிட்டன. முன்திண்ணையான செராம்பியில் கண்ணாடிப் பெட்டி எதுவும் வைக்கவில்லை. பாய் விரித்திருக்கிறோம். வருகிற மாணவர்கள் உட்கார்ந்து படிக்கட்டும். இலக்கணத்துக்கு வாழ்நாளைக் கொடுத்தவரின் பெயரில் இருக்கும் வீட்டில் படிக்கவே இடமில்லை என்றால் அது சரியாகாது.

தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கு தனியே அனுப்பப்படுகிறது. நன்கொடை தந்தவர்களுக்கும், மரம் சுமந்த இளைஞர்களுக்கும், தினமும் தேநீர் கொண்டுவந்த கம்பத்துத் தாய்மார்களுக்கும் குழுவின் நன்றி.

இனி மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் தூணடிகளைக் கரையானுக்காகச் சோதிக்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க விரும்பும் உறுப்பினர்கள் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

பணிக்குழு