பெனிடோர்ம் போகிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று போனில், ஸ்பெயினில் இருக்கிற அந்தக் கடற்கரை ஊரைப் பற்றி "அம்மா, பெனிடோர்மில் எந்தப் பக்கம் ரூம் எடுக்கிறது?" என்று கேட்டாய். அடுப்பில் கறி இருந்ததால் ஏதோ ரெண்டு சொல் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் சொல்ல வேண்டியது எல்லாம் ஞாபகம் வந்தது.

ரூம்தான் முதல் விஷயம். உனக்கு எட்டு வயதில் நாங்கள் அங்கே போனபோது, படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து ரிங்கோன் தெ லொய்க்ஸ் பக்கம் அறை எடுத்தோம். லெவாந்தே கடற்கரையின் கிழக்கு முனை அது. இங்கே பிரிட்டனிலிருந்து போகிறவர்களின் பார்கள் நிறைய அங்கேதான். எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழேயும் ஒன்று இருந்தது. விடிய நாலு மணி வரைக்கும் பாட்டும் கூச்சலும். மூன்று இரவும் நீ என் மடியிலேயே கிடந்தாய். நாலாம் நாள் அப்பா கூடக் காசு கொடுத்துப் பழைய ஊர்ப் பக்கம் இடம் மாற்றினார். அதற்குப் பிறகுதான் அந்த ஊர் எங்களுக்குப் பிடித்தது.

ஆகையால் நீங்கள் ஐந்து பேரும் பழைய ஊருக்கும் போனியென்தே கடற்கரைக்கும் கிட்ட எடுங்கள். ஆட்டம் பாட்டத்துக்கு லெவாந்தே நடந்து போகிற தூரம்தான். இரவு அங்கே போய்விட்டு, நித்திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். போனியென்தே மூன்று கிலோமீட்டர் நீளம், சனமும் குறைவு.

அந்தக் கரையில் விடிய ஆறரைக்கு நான் நடக்கப் போவேன். வண்டிகள் மணலைக் கிளறிச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருக்கும். ஸ்பெயின்காரக் கிழவன் கிழவிகள் முழங்கால் தண்ணீரில் கதைத்துக்கொண்டே நடப்பார்கள். உயரமான கட்டடங்களைப் பார்த்து இது ஊரா என்று முதலில் எனக்கு இருந்தது. ஆனால் அது முன்பு மீன்பிடிக்கிற ஊர்தான். சூரைமீனுக்குப் பெரிய வலைப்பொறி கட்டுவதில் இந்த ஊர் ஆட்கள் பேர் பெற்றவர்கள், தூரத்துக் கரைகளுக்கும் போய் அந்த வேலை செய்தவர்கள். 1950களில் பெத்ரோ சரகோசா என்ற மேயர்தான் ஊரைச் சுற்றுலாவுக்குத் திருப்பினார். பிகினி போட இடம் கொடுத்ததற்குச் திருச்சபைக்காரர்கள் எதிர்த்ததும், வெஸ்பா ஸ்கூட்டரில் மத்ரித் வரைக்கும் போய், அப்போது நாட்டை ஆண்ட சர்வாதிகாரி பிராங்கோவைப் பார்த்தார் என்று சொல்வார்கள். கட்டடத்தை உயர்த்தி, சுற்றி வெளி விடுகிற முறை அங்கே பிறகு வந்தது. அதனால் பல அறைகளுக்குக் கடல் தெரியும். எனக்கு இப்போது அந்தக் கட்டடங்கள் மேல் கோபம் இல்லை.

சரி, மாதம். ஆகஸ்ட் வேண்டாம், வெயிலும் நெரிசலும் விலையும் சேர்ந்து வரும். செப்டெம்பர் நடுவில் கடல் இன்னும் சூடாகவே இருக்கும். ஆனால் செப்டெம்பர், ஒக்டோபரில் அந்தக் கரையில் சில வேளை ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழை வரும். எச்சரிக்கை வந்தால் மலைப்பக்கம் போகாதீர்கள்.

அலிகாந்தே விமானநிலையத்திலிருந்து நேரே பஸ் இருக்கிறது, முக்கால் மணித்தியாலம் போலத்தான். டிராம் விமானநிலையத்துக்கு வராது, அலிகாந்தே நகரத்திலிருந்துதான் புறப்படும். ஆனால் ஒருநாள் அந்த டிராமில் ஏறி விலாஹொயோசா போங்கள். கடலைப் பார்த்து நிற்கிற கலர் கலரான வீடுகளும், சாக்லேட்டும். மற்றப் பக்கம் அல்தேயா, நீலக் கும்மட்டக் கோயில் இருக்கிற வெள்ளை ஊர்.

சாப்பாடு. மத்தியானம் ஒரு இடத்தில் "அர்ரோஸ் அ பந்தா" கேள். மீனை அவித்த சாற்றிலேயே சோற்றைச் சமைப்பது. உள்ளிப்பூண்டு அடித்த சாந்து கூட வரும், அம்மம்மா இருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டிருப்பா. "ஓர்ச்சாத்தா" என்று குளிர்ந்த பால் மாதிரி ஒன்று விற்பார்கள். அது கோரைக்கிழங்கை அரைத்துப் பிழிந்தது, கட்டாயம் குடி. பழைய ஊரில் சாந்தோ தொமிங்கோ தெருவில் சின்னச் சின்னத் தட்டுகளாகப் பின்னேரம் சாப்பிடலாம்.

இப்போது அம்மா பயப்படுகிற விஷயங்கள். உனக்கு இருபத்தைந்து வயது, குடிக்காதே என்று எழுத மாட்டேன். அங்கே பல இடங்களில் அளவு பார்க்காமல் ஊற்றுவார்கள், அதை நினைவில் வை. கிளாஸை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐந்து பேராகப் போனால் ஐந்து பேராகவே திரும்புங்கள். இரவில் கடலுக்குள் இறங்கவே கூடாது. நான் கடற்கரையில் வளர்ந்தவள், குடித்த உடம்புக்கு அலை சின்னது பெரியது தெரியாது. பகலிலும் சிவப்புக் கொடி கண்டால் கரையில் இருங்கள். தெருவில் பாதி உருளைக்கிழங்குக்குள் பட்டாணி ஒளித்து விளையாடிக் காட்டுவார்கள், சுற்றி நின்று ஜெயிக்கிறவர்கள் அவர்களுடைய ஆட்கள்தான். அப்பா ஐம்பது யூரோ விட்டது உனக்குத் தெரியாது. ஏதும் அவசரம் என்றால் 112.

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்துப் பார். போகிற நாளில் அது எடுத்துப் பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்புகிற நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். இப்போது முதல்முறை நுழையும்போது கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசைக்கு நேரம் வைத்துக்கொள்.

ஊருக்குப் பின்னால் நிற்கிற புய்க் கம்பானா மலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உச்சியில் சதுரமாக ஒரு துண்டு இல்லாமல் இருக்கும். ரொல்தான் என்ற அரக்கனின் காதலி, சூரியனின் கடைசிக் கதிர் மறையும்போது சாக வேண்டியவள். அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெளிச்சம் கிடைக்கட்டும் என்று அவன் மலையில் அந்தத் துண்டைப் பெயர்த்து எறிந்தான், அதுதான் கடலுக்குள் இருக்கிற அந்தக் குட்டித் தீவு. பொழுதுபடுகிற நேரம் போனியென்தேயில் இருந்து இந்தக் கதையைச் சொன்னேன். "ஏன் மலை முழுவதையும் எறியவில்லை?" என்று கேட்டு அழுதாய். நாலு பின்னேரமும் அதே கேள்வி.

டிக்கெட் எடுத்ததும் தேதியை அனுப்பு. அப்பாவுக்குக் கறுப்புச் சாக்லேட், சீனி குறைந்தது. எனக்கு அந்த மலையை ஒரு படம், பின்னேர வெளிச்சத்தில்.

அம்மா