தலைக்கு மேல கடன், தலை மேல சுமை

பெரம்பூர்

அன்புள்ள நண்பா,

வடசென்னைப் பேச்சில் வரும் உருவகங்களைச் சேகரித்து நீ அனுப்பிய நோட்டுப் புத்தகம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தடைக்காலம் 61 நாளும் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டன, காசிமேட்டில் ஏலச் சத்தம் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தாய். நல்ல சேதி. பேச்சு சேகரிக்கிறவனுக்கு அதைவிட நல்ல இடம் வடசென்னையில் ஏது? இங்கே எல்லோரும் சுகம். வெயில்தான் இன்னும் விடவில்லை, ராத்திரியிலும் சுவர் சுடுகிறது.

நோட்டை இரண்டு முறை படித்தேன். ஒவ்வொரு பேச்சுக்கும் எதிரே ‘கடல்’, ‘சலவை’, ‘ரயில்’ என்று மூலக்களத்தை, அதாவது அந்தப் பேச்சு எந்தத் துறையிலிருந்து கடன் வாங்கியது என்பதை, பென்சிலால் குறித்திருக்கிறாய். பாதிக்கு மேல் சரி. தப்பியவை எல்லாம் ஒரே காரணத்தால் தப்பியிருக்கின்றன. ஒற்றை வார்த்தையைப் பார்த்த உடனே களத்தை முடிவு செய்துவிடுகிறாய். அதே வார்த்தையோடு ஜனங்கள் வேறு எதைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் களத்தை எழுத வேண்டும்.

கடன் பக்கத்தை எடுத்துக்கொள். ஏழு பேச்சு எழுதி, ஏழுக்கும் ‘சுமை’ என்று போட்டிருக்கிறாய். ‘கடன் சுமை தாங்கல’ என்பது சுமைதான், சந்தேகமில்லை. ஆனால் ‘கடன்ல மூழ்கிட்டான்’, ‘கரையேற வழி தெரியல’ இரண்டும் தண்ணீர். ‘கடன் கழுத்தை நெரிக்குது’ என்றால் கடன் ஓர் ஆள். ‘வட்டி குட்டி போடுது’ கால்நடை. ‘கடனை அடைச்சுட்டேன்’ ஓட்டை, பள்ளம். சுவரில் ஓட்டையை அடைக்கிற அதே அடை. ஏழாவது, ‘தலைக்கு மேல கடன்’. இதுதான் ஆளை ஏமாற்றுவது. தலை என்றதும் சுமை என்று தோன்றும். ஆனால் சுமை ‘தலை மேல’ இருக்கும். ‘தலைக்கு மேல’ போவது தண்ணீர். ‘தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன’ என்ற பழமொழியில் இருப்பதும் அதே ‘க்கு’. சந்தேகமாக இருந்தால் வினையைச் சேர்த்துப் பார். ‘தலைக்கு மேல போயிடுச்சு’ இயல்பாக வருகிறது. ‘தலைக்கு மேல இருந்ததை இறக்கி வெச்சேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘தலை மேல இருந்த பாரத்தை இறக்கி வெச்சேன்’ என்பார்கள். ஓர் உருபு களத்தையே மாற்றிவிடுகிறது.

களம் இத்தனை இருப்பது வீணுக்கில்லை. சுமை என்று பேசும்போது தாங்குவதும் இறக்குவதும் வருகின்றன. தண்ணீர் என்றால் தப்பிப்பதா இல்லையா என்பதே கேள்வி. ஓட்டை என்றால் எவ்வளவு போட்டால் நிரம்பும் என்ற கணக்கு. குட்டி என்றால், நாம் ஒன்றும் செய்யாமலே பெருகுவது. உவமை பிறக்கும் இடமாகத் தொல்காப்பியம் வினை (செயல்), பயன், மெய் (வடிவம்), உரு என்று நான்கு சொல்கிறதே, அதைக் கையில் வைத்துக்கொள். கடன் பேச்சு ஏழில் ஒன்றுகூட உருவில், அதாவது நிறத்தில், பிறக்கவில்லை. பெரும்பாலும் வினைதான். களத்தின் பெயரோடு இந்த நான்கில் எது என்றும் ஓரத்தில் எழுதினால், களத்திலிருந்து என்ன வந்தது, என்ன வரவில்லை என்பது தெளிவாகத் தெரியும்.

இன்னொன்று. ‘மூழ்கிட்டான்’ எதிரே ‘கடல்’ என்று போட்டிருக்கிறாய். காசிமேட்டில் கேட்டதால் அப்படித் தோன்றியிருக்கும். குளத்திலும் கிணற்றிலும்கூட மூழ்கலாம். அந்தச் சொல் கொடுப்பது தண்ணீரை மட்டும், எனவே ‘தண்ணீர்’ என்றே எழுது. சொல் தாங்குகிற அளவுக்கு மேல் களத்தைக் குறுக்காதே. மாறாக ‘போலீஸ் வலை வீசித் தேடுது’ என்பதை வெறும் ‘பொறி’ என்று விரித்துவிட்டாய். வீசுவது மீனுக்கு, விரிப்பது பறவைக்கும் விலங்குக்கும். ‘வலை வீசுறாங்க’ மீன்பிடி, ‘வலை விரிச்சான்’ பெரும்பாலும் வேட்டை. வலை பொதுவாக இருந்தாலும் வினை வேறு.

சலவைப் பக்கம் நன்றாக வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து எழுதியது அல்லவா! அதில் ஒரு காரியம் செய். தொழிலின் படிகளை வரிசையாக இடப்பக்கம் எழுது: ஊறவைத்தல், வெள்ளாவி வைத்தல், கல்லில் அடித்துத் துவைத்தல், அலசுதல், பிழிதல், காயப்போடுதல், கஞ்சி போடுதல், பெட்டி போடுதல். வலப்பக்கம், ஆளைப் பற்றிய பேச்சில் எது வருகிறது என்று குறி. ‘தொவைச்சு எடுத்துட்டான்’, ‘வெளுத்து வாங்கினான்’, ‘தொவைச்சுக் காயப்போட்டான்’ எல்லாம் அடிப்பதற்கு. ‘அலசிப் பார்த்தாங்க’ மட்டும் தனியாகப் பிரிந்து ஆலோசனைக்குப் போய்விட்டது. அதை அடிக்கிற பேச்சோடு சேர்த்து எழுதாதே, இலக்கு, அதாவது பேச வந்த விஷயம், வேறு. வெள்ளாவிக்கும் பெட்டிக்கும் எதிரே உன் நோட்டில் ஒன்றுமில்லை. காலியான அந்தக் கட்டங்களையும் அப்படியே வைத்திரு. ‘கஞ்சி போட்ட சட்டை மாதிரி வெறைப்பா நிக்கிறான்’ என்பதில் ‘மாதிரி’ வெளிப்படையாக இருக்கிறது. அது உவமை, தனிப் பட்டியலுக்குப் போக வேண்டும்.

இந்தப் பக்கத்தில் ‘பிழி’ ஒன்றுதான் இடறுகிறது. ‘வேலைல பிழிஞ்சு எடுக்குறாங்க’ என்பதைச் சலவையில் சேர்த்திருக்கிறாய். துணியையும் பிழியலாம், கரும்பையும் பிழியலாம். அதே ஆள் அடுத்த மூச்சில் ‘சக்கையாயிட்டேன்’ என்று சொன்னால் கரும்பு. ‘தொவைச்சுப் பிழிஞ்சு’ என்று சேர்த்துச் சொன்னால் துணி. இரண்டும் இல்லையென்றால் ‘பிழிதல், களம் தெரியவில்லை’ என்று எழுது. களம் தெரியாத இடத்தில் ஊகத்தை நிரப்பினால், கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது கணக்கு முழுக்கக் கோணலாகிவிடும்.

இனி முறையைச் சொல்கிறேன். 2007ல் பிராகிள்ஜாஸ் குழு என்ற பெயரில் பத்து ஆய்வாளர்கள் உருவகத்தைக் கண்டுபிடிக்க ஒரு நடைமுறையை வெளியிட்டார்கள். அந்தப் பத்து பேரின் முதலெழுத்துகளைக் கோத்ததுதான் அந்தப் பெயர். முதலில் பேச்சு முழுவதையும் படி. சொற்களாகப் பிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த இடத்தில் என்ன பொருள் என்று எழுது. அதே சொல்லுக்கு இன்று புழக்கத்தில் அதைவிட அடிப்படையான பொருள், அதாவது கையால் தொடக்கூடிய, உடம்பால் செய்யக்கூடிய, குழப்பமில்லாத பொருள் உண்டா என்று பார். உண்டென்றால், இரண்டும் வேறாக இருந்தும் ஒன்றைக்கொண்டு மற்றதைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று கேள். முடிந்தால் அது உருவகம். இந்த நடைமுறை அதோடு நின்றுவிடும். எந்தக் களம் என்று சொல்லாது. 1980ல் மொழியியலாளர் லேக்காஃபும் தத்துவ அறிஞர் ஜான்சனும் களங்களைப் பற்றி எழுதிய பிறகு, ஆளாளுக்குத் தோன்றியபடி உருவகம் என்று குறித்ததைக் கட்டுப்படுத்தத்தான் இது வந்தது. ஆகவே உன் நோட்டில் இரண்டு வேலையையும் ஒரே நாளில் செய்யாதே. முதல் சுற்றில் உருவகமா இல்லையா என்பது மட்டும். கூடவே வரும் கூட்டாளிச் சொற்கள் குறைந்தது மூன்று கிடைத்த பிறகு இரண்டாம் சுற்றில் களம்.

அந்த நடைமுறை ஆங்கிலத்துக்காக எழுதியது, தமிழில் இரண்டு இடத்தில் தகராறு செய்யும். ஆங்கிலத்தில் ‘உள்ளே’ என்ற பொருள் தரும் முன்னிடைச் சொல் தனிச் சொல், அதையும் உருவகமாக எண்ணுவார்கள். நம்முடைய ‘கஷ்டத்துல’, ‘கடன்ல’ என்பதில் அது வெறும் உருபு. எண்ணுவதா வேண்டாமா என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடு, நடுவில் மாற்றாதே. இரண்டாவது, துணைவினை. ‘போய்விட்டான்’ என்பதில் எதையும் யாரும் விடவில்லை. ‘வெளுத்து வாங்கினான்’ என்பதில் எதையும் கடையில் வாங்கவில்லை. விடு, போடு, வாங்கு, தொலை எல்லாம் முதல் வினையோடு ஒட்டி வரும்போது ஒரே அலகாக எண்ணு.

அடிப்படைப் பொருள் ‘இன்று’ புழங்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. ‘எனக்கு விளங்கல’ என்பதில் விளங்கு என்றால் ஒளிர்தல் என்று தமிழ்ப் பேரகராதியைப் பார்த்து ‘ஒளி’ என்று போட்டிருக்கிறாய். ராயபுரத்தில் யாராவது பல்பு விளங்குது என்கிறார்களா? அது செத்த உருவகம், வரலாற்றுக் குறிப்பில் வைக்கலாம். ‘பிடிபடல’ உயிரோடு இருக்கிறது, கை இன்னும் பிடிக்கிறது. ‘உனக்கு ஒறைக்கலையா’ என்பதும் அப்படியே. மிளகாய் இன்னும் உறைக்கிறது.

ஒலி ஒற்றுமையும் கவிழ்த்துவிடும். ‘டீல்ல விட்டுட்டான்’ எதிரே ‘வியாபாரம்’ என்று பார்த்தபோது மனம் கேட்கவில்லை. இது காத்தாடிப் பேச்சு. நூலைத் தளர்த்தி விடுவதற்கான இந்திச் சொல்தான் இந்த டீல். ஒப்பந்தம் என்ற பொருளில் ‘டீல் பேசி முடிச்சாச்சு’ என்பது ஆங்கிலச் சொல், வேறு வார்த்தை. கைவிடப்பட்டவனைப் பற்றிப் பேசும்போது ‘அந்தரத்துல விட்டுட்டான்’ என்றும் சேர்ந்து வருவதைக் கவனி. அதேபோல் ‘கலாய்க்கிறான்’ எதிரே ‘பாத்திரத்துக்கு ஈயம் பூசுதல்’ என்று எழுதியிருக்கிறாய். அழகான யோசனைதான். ஆனால் பழந்தமிழில் கலாம் என்றால் சண்டை, கலாய்த்தல் என்றால் சினந்து சச்சரவு செய்தல். ஈயப் பூச்சிலிருந்து வேறு ஒரு சொல்லும் கேலிக்கு வந்திருப்பதைக் காட்டாதவரை அதை அடித்துவிடு.

‘ஊரே சிரிக்குது’, ‘தலைக்கு நூறு ரூபா’ இரண்டையும் உருவகத்திலிருந்து எடுத்துவிடு. ஊர் என்று ஊரில் இருப்பவர்களைச் சொல்வதும் தலை என்று ஆளைச் சொல்வதும் ஆகுபெயர். அங்கே இரண்டு களமே கிடையாது.

களம் எப்போது ஊருக்கு வந்தது என்பதும் உதவும். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது 1856ல். ‘பேச்சு தண்டவாளம் மாறிப்போச்சு’ என்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் பிறந்திருக்கும். ‘தடம்’ அப்படியில்லை, அது வண்டித் தடமாகவும் இருக்கலாம்.

முன்னாடி, பின்னாடி பற்றிக் கேட்டிருந்தாய். ‘முன்னாடி நடந்தது’ என்றால் கடந்தது, ‘பின்னாடி வருத்தப்படுவ’ என்றால் இனி வருவது. முகத்துக்கு நேராக இருப்பது எப்படிக் கடந்த காலம் ஆகும் என்பது உன் கேள்வி. ரேஷன் கடை வரிசையை நினைத்துப் பார். நம்முடைய முகத்தை வைத்து இங்கே முன்னும் பின்னும் இல்லை. நாட்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. முன்னால் நிற்பது முதலில் போய்விடும், பின்னால் நிற்பது பிறகு வரும். ஆனால் ‘பெரிய வேலை முன்னாடி நிக்குது’ என்னும்போது நாம் பார்க்கிற திசைதான் முன். இரண்டு மாதிரியும் ஒரே ஆள் வாயில் வரும், தனித்தனியாகக் குறி.

குறித்து முடித்ததும் இன்னொருவரிடம் குறிக்காத பிரதியைக் கொடு. ஒப்பிடும்போது சதவிகிதத்தை நம்பாதே. 100 சொல்லில் நீயும் அவரும் தலைக்கு 10 உருவகம் குறித்தீர்கள், 90 சொல்லில் ஒத்துப்போனீர்கள் என்று வை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 90ல் 85 இருவரும் தொடாமல் விட்டவை. சேர்ந்து குறித்தது வெறும் 5. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 82 ஒத்துப்போகும். தற்செயலைக் கழித்தால் உடன்பாடு 0.44தான் (முழு உடன்பாடு என்றால் 1). அந்த நிலையில் எண்ணிக்கையை யாருக்கும் காட்ட வேண்டாம்; விதிகளை மறுபடி எழுதிவிட்டு இரண்டு பேரும் புதிதாக உட்காருங்கள்.

கடைசிப் பக்கத்து ‘நூல் விட்டுப் பாக்குறான்’ எனக்கும் முடிவாகவில்லை. காத்தாடி நூலா, தூண்டில் நூலா, ஆழம் பார்க்கக் குண்டு கட்டி இறக்குகிற நூலா? ஏலம் நடக்கும்போது காதைத் தீட்டிக்கொள். அடுத்து ‘சிக்குமான்னு’ வந்தால் தூண்டில், ‘ஆழம் பாக்குறான்’ வந்தால் குண்டு. காத்தாடி என்றால் காற்றோ மாஞ்சாவோ எங்காவது தலைகாட்டியே தீரும். கேட்ட வாக்கியத்தை அப்படியே, யார் யாரிடம் சொன்னது என்பதோடு எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்